அம்மாவைக் கவனிப்பவர் மேல் பழைய வழக்கு

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். பக்கவாதம் வந்தபின் அம்மா முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டுகிற உதவியாளர் மேல் அம்மாவுக்குக் கொள்ளைப் பிரியம். அந்தப் பெண்ணின் பெயரை இணையத்தில் தேடியபோது, 12 வருடங்களுக்கு முன் கடைத் திருட்டில் தண்டனை பெற்றதாக வந்தது. நிர்வாகத்திடம் சொல்லி வேறு ஆளைப் போடச் சொல்லட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பார்த்தது ஒரு பெயரைத்தான். பெயரைக் கொடுத்தால் வழக்கை எடுத்துப் போடும் தளங்களில் ஆள் மாறிப்போவது சகஜம். கைரேகை வைத்துச் சரிபார்ப்பதே அதற்காகத்தான்.

சரி, அவரேதான் என்று வைத்துக்கொள்வோம். மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து பணம் வாங்கும் இல்லங்களுக்கு அங்கே கூட்டாட்சி விதி ஒன்று உண்டு. ஒருவரைத் துன்புறுத்தியதாக, கவனிக்காமல் விட்டதாக, அவர் பொருளை அபகரித்ததாக நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானவரை வேலைக்கு வைக்கக்கூடாது. பராமரிப்பு உதவியாளர்களுக்காக மாநிலம் வைத்திருக்கும் பதிவேட்டில் அப்படிக் குறிப்பு ஏறியவரையும் கூடாது. பழைய கடைத் திருட்டு தானாக இதில் வந்துவிடாது. மற்றக் குற்றங்களுக்கு என்ன தடை, எத்தனை வருடம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் சில குற்றங்களுக்கு ஆயுள் முழுக்கத் தடை இருந்தது. 2015இல் அங்குள்ள நீதிமன்றம் அது செல்லாது என்றது.

2011இல் கூட்டாட்சி சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தண்டனை பெற்ற ஒருவராவது வேலை பார்த்த இல்லங்கள் நூற்றுக்கு 92. கேட்டால் பகீரென்கிறது, இல்லையா? ஊழியர்களை எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு 5 பேர்தான். செய்தித் தலைப்புக்கு எது போகும் என்று சொல்லவா வேண்டும்!

நிர்வாகியைப் பாருங்கள், ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை எடுக்காதீர்கள். வெளி நிறுவனம் தரும் அறிக்கையைக் காட்டி வேலையை மறுப்பதென்றால், முதலில் அதன் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும், தவறிருந்தால் அவர் ஆட்சேபிக்கலாம் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் காதோடு காதாகப் போட்டுவைக்கும் சேதிக்கு அவர் எங்கே போய்ப் பதில் சொல்வார்?

பொதுவாகவே கேளுங்கள். கைரேகை எடுக்கிறீர்களா, பெயரை மட்டும் பார்க்கிறீர்களா? முன்பு வேறு மாநிலத்தில் இருந்தவர் என்றால் அங்கேயும் பார்ப்பீர்களா? வேலையில் சேர்ந்தபின் ஒருவர் கைதானால் உங்களுக்குத் தகவல் வருமா? இந்த மூன்றாவதுதான் முக்கியம். பல இடங்களில் சேரும்போது ஒருமுறை பார்ப்பதோடு சரி. நிர்வாகி மழுப்பினால் அது ஓர் ஆளைப் பற்றிய கவலையில்லை, அந்த இல்லத்தைப் பற்றிய கவலை.

அப்புறம், எந்த வழக்கும் இல்லாதவரும் கை ஓங்கலாம். அதனால் அம்மாவைப் பாருங்கள். சொல்லாமல் போங்கள், ஒருநாள் குளிக்கும் நேரம், ஒருநாள் ஞாயிறு இரவு. மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருக்கிறதா? குறிப்பிட்ட ஒருவர் உள்ளே வந்ததும் அம்மா பேச்சை நிறுத்துகிறாரா? வளையல், வங்கி அட்டை எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இந்தப் பெண் வந்தால் அம்மா முகம் மலர்கிறது. 12 வருடப் பழைய வரி ஒன்றை விட நான் அதைத்தான் நம்புவேன்.

சந்தேகம் வலுத்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஆம்பட்ஸ்மன்’ என்கிற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது, நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் பெயரை வெளியிடமாட்டார். அவருடைய தொலைபேசி எண்ணை இல்லத்தில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். காணோம் என்றால், நிர்வாகியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.