ஆரணி சபையை விட்டு வந்த பிறகு

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். ஆரணியிலிருந்து வேலூர் தொரப்பாடிக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. அங்கே எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் மொத்தமே அறுபது குடும்பம். ஐயர் (சபைப் போதகர்) எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இங்கே மூன்று ஆலயம் போய்விட்டோம், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது வயது மகள் ஞாயிறு பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள். வாராவாரம் ஆரணிக்கே பஸ் ஏறலாம் என்கிறார் அத்தை. மாமாவை அடக்கம் செய்தது அங்கேதான். பக்கத்து வீட்டு அக்கா தங்கள் ஜெபவீட்டுக்கு அழைக்கிறார். எங்கே போவது?
– ஒரு சகோதரி, தொரப்பாடி

பதில்: தங்கச்சிக்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 1978 ஞாபகம் வந்துவிட்டது. போளூரிலிருந்து நர்ஸ் படிப்புக்காக வேலூர் வந்தேன். ஒரு பெரிய ஆலயத்தில் நான்கு மாதம் தூண் ஓரமாக உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் ஹாஸ்டலுக்கு நடந்துவிடுவேன். யாரும் என்னை ஏன் என்று கேட்டதில்லை. ராத்திரி தலையணையில் அழுதிருக்கிறேன்.

அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஒரு திருவிருந்து ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது, வெளியே போக முடியவில்லை. பின்பக்கக் குழாயடியில் இரண்டு அம்மாக்கள் திராட்சரசக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விரல் நுனி அளவுக் கண்ணாடிக் கிண்ணம், தட்டு தட்டாக. சும்மா நின்றிருந்த என்னிடம் ஒரு அம்மா ஈரத்துண்டை நீட்டி, "துடைச்சி வை பாப்பா, உடைச்சிடாத" என்றார். துடைத்து முடிப்பதற்குள் என் ஊர், அப்பா வேலை, பாடுவேனா மாட்டேனா எல்லாம் கேட்டுவிட்டார். அடுத்த வாரம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

அதனால் சொல்கிறேன், நான்காவது ஆலயம் தேடாதீர்கள். போன மூன்றில் வீட்டுக்குக் கிட்டே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிற தூரம் என்றால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டால் பாகாயம் – காட்பாடி பஸ் ஒன்றிலேயே போய் இறங்குகிற இடமாக இருக்கட்டும். வார நாளில் நடக்கிற வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் கிட்டே இருந்தால்தான் போக முடியும். ஐந்நூறு பேர் கூடுகிற ஆராதனையில் கிடைக்காத பேச்சு, பத்துப் பேர் பாயில் உட்காருகிற இடத்தில் தானாகக் கிடைக்கும். மூன்று மாதம் விடாமல் போங்கள்.

ஆராதனை முறை கொஞ்சம் வேறு மாதிரி இருந்தால் மனம் கலங்க வேண்டாம். நம் ஆரணி, போளூர் பக்கத்துச் சபைகள் 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் வழி வந்தவை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற பரிசுத்த யோவான் ஆலயம் 1846-ல் கம்பெனி காலத்தில் கட்டியது, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) வழி. 1947-ல் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனாலும், ஓரிடத்தில் முழங்கால் போடுவார்கள், இன்னோரிடத்தில் உட்கார்ந்தே ஜெபிப்பார்கள். பழக்கம்தான் வேறு, விசுவாசம் ஒன்றுதான்.

சபை மாறுதல் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆரணியில் சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, ஞானஸ்நானம், திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்து உறுதிப்படுத்தும் சடங்கு), திருமணத் தேதிகளோடு ஐயரிடம் எழுதி வாங்குங்கள். இங்கே ஆயரிடம் (போதகரிடம்) அதை ஆராதனை முடிந்த நெரிசலில் நீட்டாமல், ஒரு வார நாள் மாலையில் குடும்பமாக ஆயர் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். நாளைக்கு மகளின் திடப்படுத்தலுக்கும் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) சபையில் வாசிக்கவும் பெயர் ரிஜிஸ்டரில் இருக்க வேண்டும்.

மகளை வகுப்பு வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் டீச்சரை நீங்கள் பார்த்துப் பேசுங்கள். அதே வகுப்புக்குப் போகிற பிள்ளை உங்கள் தெருவில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போகட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் கூப்பிடுகிறார். ஒரு நாள் போய் வாருங்கள், தப்பில்லை. ஆனால் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி எடு என்றாலோ, காணிக்கைக் கணக்கைக் கேட்டால் முகம் மாறினாலோ, அங்கே வேர் விட வேண்டாம் என்பேன்.

வாராவாரம் ஆரணி வேண்டாம். போக வர ஞாயிறு முழுதும் பஸ்ஸிலேயே போய்விடும், பிள்ளைக்கு அங்கேயும் சிநேகிதம் இருக்காது, இங்கேயும் இருக்காது. அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்மஸுக்கும் போங்கள். அத்தையின் பெயரை மட்டும் ஆரணி ரிஜிஸ்டரிலிருந்து அவர் கேட்காமல் மாற்றாதீர்கள், அது மாமா பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கடிதம் வாங்கப் போகிற அன்று அவரையும் கூட்டிப் போய், முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்.