தலைவர் இல்லாத ஊராட்சி, தமிழக வீரர் இல்லாத அணி: வாசகர் கேள்வி – பதில்

இந்த 2025 டிசம்பர் இறுதி இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு வந்திருக்கின்றன. ஊராட்சி அலுவலகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அப்படி விரும்புவது புரிகிறது. கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டவரும் அதையே எழுதியிருப்பதுதான் வியப்பு. ஆகவே இம்முறை எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்.

எங்கள் தெருவில் விளக்கு எரிந்து இரண்டு மாதம் ஆகிறது. முன்பென்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். இப்போது யார் வாசலில் போய் நிற்பது?
– மணப்பாறை வாசகர்

வட்டார வளர்ச்சி அலுவலரின் வாசலில். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அன்று முதல் உங்கள் ஊராட்சி, தனி அலுவலராக அவரின் பொறுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் இருப்பதாகக் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள் வருகின்றன. முப்பத்திரண்டு தலைவர்கள் பகிர்ந்து பார்த்த வேலையை, ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கும் ஓர் அலுவலகம் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேலை முடிந்து உங்கள் தெருவின் இருட்டுக்குள் நடந்து வீடு திரும்புகிறவர் அல்லர்.

தலைவர் இருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் ஒரு குழாய் அடைப்பை எடுக்கவும் ஊரே பஞ்சாயத்துப் பேச வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சண்டை ஊருக்குள் நடந்தது. யாரைத் திட்டுவது என்று தெரிந்திருந்தது.

இது முதல் முறையும் அன்று. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுக தரப்பு தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதைய அதிமுக ஆட்சி அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களை வைத்தே ஓட்டியது. இந்த 2025 இறுதியில் ஆட்சியில் இருப்பது திமுக; வார்டு மறுவரையறை, நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் ஊராட்சிகளை இணைத்தல் என்று காரணங்கள் மாறியிருக்கின்றன, நாற்காலி மட்டும் அதேபோலக் காலியாக இருக்கிறது. ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருப்பதை இரண்டு கட்சிகளும் வசதிப்பட்டபோது மட்டும் மேற்கோள் காட்டுகின்றன. இதற்குள் இன்னொரு வினோதம்: மாவட்டப் பிரிப்பால் 2019-இல் விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது என்பதால், தென்காசி மாவட்டத்து ஊராட்சிக்கு 2025 இறுதியிலும் தலைவர் உண்டு, எல்லையைத் தாண்டி விருதுநகர் மாவட்டத்துக்குள் கால் வைத்தால் இல்லை.

விளக்குக்கு வருவோம். மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத மனு சுற்றிச் சுற்றி ஊராட்சிச் செயலரிடமே வந்து சேரும் (உங்கள் ஊரில் அவரை இன்னும் ‘கிளார்க்கு’ என்றுதான் சொல்வீர்கள்). மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலன் இல்லையென்றால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு அந்த ஒப்புகையோடு போங்கள். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். தலைவர் இல்லாததால் கிராம சபை இல்லாமல் போய்விடுவதில்லை. செலவுக் கணக்கில் தெருவிளக்குப் பராமரிப்பு என்ற வரியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் போடுவதால் உண்மையில் பயன் உண்டா? அல்லது தேநீரும் பிஸ்கட்டும் மட்டும்தானா?
– மேலூர் வாசகர்

இந்தக் கேள்வி மேலூரிலிருந்து வருவது வேடிக்கைதான். அண்மைக் காலத்தில் இதற்கு விடை எழுதியதே உங்கள் வட்டாரம். 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுப்பதற்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பர் 7 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. ஏழு குன்றுகளும் சமணர் படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ள அந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு 2022 நவம்பரில் அறிவித்து இரண்டாண்டுதான் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு உள்ளாட்சி நாளுக்குரிய கிராம சபை, தீபாவளியை ஒட்டித் தள்ளிவைக்கப்பட்டு நவம்பர் 23 அன்று கூடியது. சுற்றுவட்டார ஊர்கள் அந்தக் கூட்டங்களில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை விவசாயிகள் நடந்தும் வண்டிகளிலும் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. தேதிகளை வரிசையாகப் படித்தால், முதல் தாள் கிராம சபையின் மினிட் புத்தகத்திலிருந்துதான் கிழிபட்டு வந்திருக்கிறது என்பது தெரியும்.

ஆனால் உங்களுக்கு முழுச் செய்தியையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரமும் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகக் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டிருக்கிறது. 2022-இல் தொடங்கிய போராட்டம் ஆயிரம் நாள்களைத் தாண்டிவிட்டது. ஏகனாபுரத்தின் தீர்மானங்கள் அரிட்டாபட்டியின் தீர்மானத்தைவிட எந்த வகையிலும் தளர்வானவை அல்ல. வேறுபாடு எதிரே நின்றவர்களில் இருக்கிறது: மேலூரில் ஒன்றிய அரசும் மாநில அரசும் எதிரெதிராக நின்றன, பரந்தூரில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. சட்டத்தின் பலம் தனியாக வேண்டுமென்றால் அது வேறு கதை. ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தபோது, அவற்றின் பின்னால் வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத்தின் ஆணையும் இருந்தன. வயலும் ஏரியும் மட்டுமுள்ள ஏகனாபுரத்துக்கு அந்தப் பிடிமானம் கிடைக்கவில்லை. தீர்மானம் தடையாணை ஆகாது. ஆனால் அது இல்லாமல் நீதிமன்றத்திலும் சட்டப்பேரவையிலும் ‘ஊர் எதிர்க்கிறது’ என்று சொல்ல உங்களிடம் வேறு தாள் இருக்காது. தேநீரைக் குடித்துவிட்டு, தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

ஆளுநர் வழக்கில் ஏப்ரலில் வென்றோம் என்றார்கள். நவம்பரில் தோற்றோம் என்கிறார்கள். எது சரி?
– கும்பகோணம் வாசகர்

இரண்டும் பாதி சரி. தமிழ்நாடு அரசு தொடர்ந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்து, இனி ஆளுநர்களும் குடியரசுத் தலைவரும் முடிவெடுக்கக் காலக்கெடுவும் வகுத்தது. அதன் பிறகு குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசமைப்பு அமர்வு நவம்பர் 20 அன்று, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுதல்’ என்பதும் முடியாது என்று கருத்துச் சொன்னது. அதே அமர்வு, மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் உரிமை ஆளுநருக்கு இல்லை என்றும், காரணமின்றி நீண்ட காலம் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் சொல்லியிருக்கிறது. எத்தனை மாதம் சென்றால் அது ‘நீண்ட காலம்’ என்பதுதான் அடுத்த வழக்கு. வழக்கறிஞர்களுக்கு வேலை இருக்கிறது.

வரைவு வாக்காளர் பட்டியலில் என் பெயரும் மனைவியின் பெயரும் இல்லை. பனியன் கம்பெனி வேலைக்காக ஏழு ஆண்டில் நான்கு வீடு மாறினோம். இனி வாக்கு அவ்வளவுதானா?
– திருப்பூர் வாசகர்

அவ்வளவுதான் அல்ல. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், 6.41 கோடியாக இருந்த பெயர்களில் சுமார் 97 லட்சம் நீக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். இடம் மாறியவர்கள், கொடுத்த முகவரியில் இல்லாதவர்கள் என்ற வகையில் 66 லட்சம். உங்கள் பெயர் இந்த இரண்டாவது கணக்கில்தான் போயிருக்கும்.

லைன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் திருத்தம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை நானே ஒரு தெருவில் நின்று பார்த்தேன். ஒரே கதவு எண்ணில் எட்டுக் குடித்தனங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலராக வந்த பெண் காலை பத்தரைக்கு வந்தார். எட்டு வீட்டிலும் பூட்டு. பட்டியலில் இருந்த பெயர்களை வீட்டு உரிமையாளரிடம் வாசித்தார். ‘அவங்க எல்லாம் காலி பண்ணிட்டாங்க’ என்று அவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார். அவர்களில் இரண்டு குடும்பங்கள் அடுத்த சந்தில்தான் இருந்தன.

2026 ஜனவரி 18 வரை கோரிக்கைகளுக்கும் ஆட்சேபங்களுக்கும் காலம் என்று அறிவித்திருந்தார்கள். நீங்களும் உங்கள் மனைவியும் தனித்தனியாகப் படிவம் 6-ஐ, அதனுடன் கேட்கப்படும் உறுதிமொழியையும் சேர்த்து, இப்போது குடியிருக்கும் முகவரிக்குரிய வாக்குச்சாவடியில் கொடுங்கள். முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்த ஊரில், எந்தப் பாகத்தில் இருந்தது என்ற விவரம் கையில் இருந்தால் வேலை எளிதாகும். சொந்த ஊரில் இருக்கும் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ இன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன?
– சேலம் வாசகர்

தேர்ந்தெடுத்திருக்கிறோமே! 1996, 2001, 2011 தேர்தல்களில் நேரடியாக. 2006, 2022 தேர்தல்களில் மாமன்ற உறுப்பினர்கள் வழியாக. எந்த முறை சிறந்தது என்ற ஆராய்ச்சியால் சட்டம் இப்படி மாறவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையிலும் மதுரையிலும் நடத்தினோம். இந்திய அணியில் தமிழக வீரர் ஒருவர்கூட இல்லையே, ஏன்?
– கோவில்பட்டி வாசகர்

கோவில்பட்டிக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடந்த போட்டியில் முதல் முறையாக 24 நாடுகள் ஆடின. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5 என்று நொறுங்கிய நம் அணி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்து 4–2 என்று வென்றது. மதுரையில் ஹாக்கிக்கெனப் புதிய அரங்கமே எழுந்தது. நடத்தியவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது, என்றாலும் நம்பிக்கையிழக்கக் காரணம் இல்லை. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் உங்கள் ஊரின் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூரின் கார்த்தி செல்வமும் ஆடினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

ஹாக்கி இன்று மண் தரையில் ஆடும் ஆட்டம் அன்று. கரிசல் மைதானத்தில் பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே துள்ளும் என்று கணித்து ஆடுவதால் பையனுக்குக் கண்ணும் மணிக்கட்டும் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்லில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு வரும். மட்டையைத் தரையோடு சாய்த்து வாங்க வேண்டும், ஓட்டத்தின் வேகமே வேறு. பன்னிரண்டு வயதில் அந்தப் புல்லில் கால் வைக்கும் பஞ்சாப், ஒடிசா பையனோடு, பதினாறு வயதில் முதன்முறையாக அதில் ஓடும் நம் பையன் போட்டியிட்டு அணிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. கோவில்பட்டியில் செயற்கைப் புல் வந்ததும் வீரர்கள் வரத் தொடங்கியதற்குக் காரணம் அதுதான். உலகக் கோப்பைக்கு அமைத்த மதுரைப் புல்லில் அடுத்த ஜூனில் எந்தப் பள்ளிப் பிள்ளைகள், வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறார்கள் என்று போய்ப் பார்க்க எண்ணியிருக்கிறேன். கதவு பூட்டியிருந்தால் அதையும் எழுதுவேன்.

தமிழ்நாடு மறுபடியும் ரஞ்சிக் கோப்பையை வெல்லுமா?
– திருவல்லிக்கேணி வாசகர்

1954–55-இல் ஒரு முறை, 1987–88-இல் இன்னொரு முறை; இடையில் 33 ஆண்டுகள். அந்தக் கணக்குப்படி 2021-இல் வென்றிருக்க வேண்டும். அந்த ஆண்டு நாம் வென்றது சையது முஷ்டாக் அலி கோப்பையை, அதுவும் இரண்டு முறை. இருபது ஓவரில் முடியும் ஆட்டம் நமக்குப் பழகிவிட்டது. நான்கு நாள் ஆட்டத்தை நடந்தே போய்ப் பார்க்கும் தூரத்தில்தான் சேப்பாக்கம் உங்களுக்கு இருக்கிறது. அடுத்த ரஞ்சி ஆட்டத்துக்குப் போங்கள். உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும்.