நூலகரும் நிர்வாகமும்: கல்லூரி நூலகர்களின் கேள்விகள், என் பதில்கள்

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் தலைமை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூலக நிர்வாகம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

ஐயா, நூலகராகப் பதவி உயர்வு வந்ததிலிருந்து புத்தகத்தைத் தொடவே நேரமில்லை. கடிதம், கூட்டம், பில் என்றே நாள் ஓடுகிறது. உண்மையான வேலைக்கு எப்போது திரும்புவது?

நீங்கள் இப்போது பார்ப்பதுதான் உண்மையான வேலை. நம் ஆட்களில் பாதிப் பேர், கேட்லாக் போடுவதும் பகுப்பு எண் கொடுப்பதும்தான் நூலகப் பணி, மற்றதெல்லாம் முதல்வர் அறை நம் தலையில் கட்டியது என்று நினைக்கிறார்கள். மீதிப் பேருக்கு நிர்வாகம் என்றால் நாற்காலியும் கையெழுத்தும். இருக்கிற நாலு ஆளையும் இருக்கிற பணத்தையும் வைத்துக்கொண்டு எதை முதலில் செய்வது, எதை இந்த வருஷம் விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான் என் கணக்கில் நிர்வாகம். இரண்டு தரப்பும் அதைச் செய்வதில்லை.

நம் நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனையே பாருங்கள். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாளிலேயே சலித்துப்போய், திரும்ப வகுப்புக்கே போய்விடுகிறேன் என்று கேட்டவர். லண்டன் போய், நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மனம் மாறியது. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க அவர் உருவாக்கிய, 1933இல் வந்த கோலன் பகுப்பை எல்லோரும் சொல்கிறார்கள். 1935இல் நூலக நிர்வாகத்துக்கென்றே தனியாக ஒரு தடித்த புத்தகம் எழுதினாரே, அதைப் பேசுவோர் குறைவு. நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற நான்காம் விதி நிர்வாக விதிதானே!

நூலக அறிவியல் படிப்பில் போஸ்ட்கார்ப் என்று மனப்பாடம் செய்தோம். வேலையில் பயன்படவே இல்லை, சார்.

லூதர் குலிக் 1937இல் அமெரிக்காவில் ஒரு தலைமை நிர்வாகி செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டார். திட்டமிடல், அமைப்பு, ஆள் சேர்த்தல், வழிநடத்தல், ஒருங்கிணைப்பு, அறிக்கை, பட்ஜெட். இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் போஸ்ட்கார்ப் (POSDCORB). நம் ஊர்க் கல்லூரி நூலகருக்கு ஆள் சேர்க்கும் அதிகாரம் கிடையாது. பட்ஜெட் பாதி கையில், பாதி நூலகக் குழுவின் கையில். ஆக, உங்களிடம் முழுசாக மிஞ்சுவது ஒருங்கிணைப்பும் அறிக்கையும். அந்த இரண்டையும்தான் நாம் எரிச்சலோடு செய்கிறோம். அதிகாரம் இல்லாதவனுக்குக் காகிதம்தான் பலம், தம்பி.

எங்கள் நூலகர், புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பாதி அலமாரிகளைப் பூட்டியே வைத்திருக்கிறார். நியாயமா?

பயம் நியாயம், பூட்டு நியாயமில்லை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருஷத்தில் இரவல் கொடுத்தவை, உள்ளே எடுத்துப் படித்தவை சேர்த்து, ஆயிரத்துக்கு ஐந்து புத்தகம் வரை குறைந்தால் அது இயல்பான இழப்பு. அதற்கு நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விகிதம் கையிருப்பின் மேல் இல்லை, பயன்பாட்டின் மேல். வருஷத்துக்கு 40,000 முறை புத்தகம் புரண்டால் 200 வரை தாங்கும். பூட்டி வைத்து 2,000 முறைதான் புரண்டது என்றால் பத்து. அதாவது, பூட்டப் பூட்ட அவருக்கே பாதுகாப்பு குறைகிறது! அதனால் மேஜைமேல் விட்டுப்போன புத்தகங்களைச் சாயங்காலம் அலமாரியில் அடுக்குவதற்கு முன்னால் எண்ணிக் குறித்து வையுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

இருப்புச் சரிபார்ப்புக்கும் அதே விதியில் வழி இருக்கிறது. 20,000 புத்தகம் வரை ஆண்டுதோறும் முழுமையாக, 50,000 வரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது. அதற்கு மேல் போனால் மூன்று வருஷ இடைவெளிக்குள் மாதிரிச் சரிபார்ப்பு போதும். மாநில அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் உங்கள் நூலகக் குழுவில் இதை வைத்து ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்.

அரசுக் கல்லூரி, மேடம்/சார். ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டது, இனி நூலகத்துக்கு எதற்குப் பணம் என்கிறார் முதல்வர்.

(சார்தான்.) ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் இந்தத் திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். நல்ல விஷயம். ஆனால் அது ஆய்விதழ்களுக்கு. பி.ஏ. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு உரைநூலும், முதலாமாண்டு இயற்பியல் மாணவருக்குப் பாடநூலும் அதில் வராது. வாய்ச் சண்டை வேண்டாம். எந்தத் துறைக்கு எந்தப் பாடநூல் எத்தனை பிரதி குறைகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது மட்டும் எங்களைத் தேடுகிறார்கள்.

ஆமாம், எல்லா ஊரிலும் அப்படித்தான். அவர்கள் கேட்பதற்கு முன்பே மாதா மாதம் வருகைக் கணக்கு முதல்வர் மேஜைக்குப் போகட்டும்.

கோஹா என்ற நூலக மென்பொருளை எங்கள் இளநிலை நூலகர் தம்பி ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். சீனியர் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. நடுவில் நான்.

பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் மென்பொருள் இல்லை, தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தது. புத்தக வரவுப் பதிவேட்டில் எங்கே பிழை இருக்கும், எந்த வருஷத்தில் எண் மாறிப்போனது என்பதெல்லாம் அந்த அண்ணனுக்குத்தான் தெரியும். தரவைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அப்புறம், சர்வர் பாஸ்வேர்டும் பேக்கப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. அந்தத் தம்பிக்கு வேறு வேலை கிடைத்துப் போனால் உங்கள் நூலகம் நின்றுவிடும். உறையில் போட்டு முத்திரை வைத்து அலுவலகத்திலும் ஒன்று இருக்கட்டும்.

தலைமைப் பொறுப்புக்குத் தயாராக எம்.பி.ஏ. படிக்கலாமா, ஐயா?

ஆசை இருந்தால் படியுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் பக்கத்தில் சில நாள் மத்தியானம் போய் உட்காருங்கள். புத்தக பில் எந்தெந்தக் காரணத்துக்காகத் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். மார்ச் மாதத்தில் மட்டும் போகாதீர்கள், பேசவே மாட்டார்.