திங்கட்கிழமை லீவு போடச் சொல்லுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, என் கணவருக்கு 44 வயது. மூன்று வருடமாக ஓடுகிறார். இந்த டிசம்பரில் பினாங்குப் பாலம் மாரத்தானில் முதல் முறையாக முழுத் தூரம் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார். “எல்லோரும் போவோம், பிள்ளைகளுக்கும் ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும்” என்கிறார். போன வருடம் அரை மாரத்தானுக்கும் இப்படித்தான் போனோம். விடிய விடிய இரண்டு பிள்ளைகளோடு தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஓடி முடித்தவர் ஹோட்டலில் படுத்துத் தூங்கினார். மதியமே காரை எடுத்து வீடு திரும்பிவிட்டோம். இந்த முறை மாமியாரும் வருகிறார். நான் வரவில்லை என்று சொன்னால் தப்பா?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. விடிய விடியத் தரையில் உட்கார்ந்தவருக்கு மறுபடியும் போக மனம் வராதுதான். ஆனாலும் உங்கள் கடிதத்தில் கணவர் மேல் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் தெரிகிறது. அதனால் ‘வரவில்லை’ என்பதற்கு முன்னால் ஒரு தடவை பயணத் திட்டத்தை உங்கள் கையில் எடுத்துப் பாருங்கள்.

முதலில் நேரம். முழு மாரத்தானை வழக்கமாகச் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி 1.30 மணி வாக்கில் தொடங்கிவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும் என்பதற்காக. 42.195 கிலோமீட்டர். முதல் முறை ஓடுபவருக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகலாம். அப்படியென்றால் அவர் வந்து சேரக் காலை ஏழு, ஏழரை ஆகும். இடையில் நீங்கள் பார்க்க அங்கே எதுவும் இல்லை. 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். தீவிலிருந்து பெருநிலப் பக்கம் வரை போய்த் திரும்புவார்கள். பாலத்தில் நின்று கைதட்ட நம்மை விடமாட்டார்கள். பிறகு எதற்காகப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும்? சனிக்கிழமை இரவு அவர் தனியாகக் கிளம்பட்டும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஐந்தரைக்கு எழுந்து, மைலோ கலக்கிக் கொடுத்து, ஆறரைக்கு முடிவுக் கோட்டுக்குப் போனால் போதும். டிசம்பரில் பினாங்கில் ஏழேகால் வாக்கில்தான் பொழுது விடியும். அந்த வெளிச்சத்தில் அப்பா ஓடி வருவதைப் பிள்ளைகள் தூக்கக் கலக்கம் இல்லாமல் பார்க்கட்டும்.

இதற்கு ஹோட்டல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டம் குயின்ஸ்பே வட்டாரத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. அன்றிரவு சாலைகளை அடைத்துவிடுவதால் நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். பிள்ளைகள் கடற்கரை கேட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்து ஃபிரிங்கி கடற்கரைப் பக்கம் மாறிக்கொள்ளலாம். அன்றைக்கே வீடு திரும்பும் பேச்சே வேண்டாம்.

இதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். என் தம்பி இப்படித்தான் ஒரு முறை ஓடிவிட்டு அன்று மதியமே கோலாலம்பூருக்குக் காரை எடுத்தான். தாப்பா ஊரைத் தாண்டியதும் வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பிரேக்கை மிதிக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, மெல்ல ஓரம் கட்டினான். பின்சீட்டில் நானும் அவன் மகளும். அந்தப் பிள்ளை என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்பது இன்னும் நினைவிருக்கிறது. இரவு முழுக்கக் கண் விழித்து, 42 கிலோமீட்டர் ஓடிய உடம்பு 350 கிலோமீட்டர் கார் ஓட்டக் கூடாது. திங்கட்கிழமை அவர் லீவு போடட்டும். முடியாவிட்டால் கேஎல் சென்ட்ரலில் இருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் என்னும் மின்சார ரயிலில் போய் வாருங்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கிருந்து தீவுக்கு ஃபெரி. பிள்ளைகளுக்கு அதுவே பாதிச் சுற்றுலா. வாரக்கடைசி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பாருங்கள்.

அப்புறம் சனிக்கிழமை. ஓட்ட எண்ணும் சட்டையும் இருக்கும் பந்தயப் பையை உங்கள் கணவர் போய் வாங்கட்டும். மாமியார் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பார். 513 படிகள்! ஓட்டத்துக்கு முந்தின நாளும் மறுநாளும் உங்கள் கணவர் அதில் ஏற வேண்டாம். அத்தைக்கு முட்டி வலி இருந்தால் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். 1833-இல் கட்டிய கோயில், மலை ஏற வேண்டியதில்லை. சுற்றிலும் லிட்டில் இந்தியா, அங்கேயே இட்லி தோசை பசியாறிவிட்டுப் பிள்ளைகளோடு மெதுவாக நடக்கலாம். நாசி கண்டார் (சோறும் காரமான கறிகளும்) வாசனை உங்கள் கணவரை இழுக்கும்தான். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு முந்தின மாலை அவருக்குப் பழக்கமான சாதாரணச் சோறு, காரம் இல்லாமல், சீக்கிரமே.

ஒன்றை அவரிடமும் சொல்லிவையுங்கள். பயத்தில் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். தாகத்துக்குக் குடிக்கட்டும், உப்புச் சத்துள்ள பானமும் இடையிடையே எடுக்கட்டும். ஓடி வந்தவர் பேச்சுக் குழறினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ ஹோட்டலுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நேராக மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

இன்று இரவு பிள்ளைகள் தூங்கியதும் இதை அவரிடம் பேசுங்கள். “நான் வருகிறேன், ஆனால் இப்படித்தான் வருவேன்” என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த முறை அவர் தனியாகப் போய் வரட்டும், நீங்கள் வருத்தப்படத் தேவையில்லை. ஒத்துக்கொண்டால், அன்று காலை கிளம்பும்போது அவருடைய சிலிப்பரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடி முடித்ததும் கால் வீங்கியிருக்கும். சப்பாத்தைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது.