ஆம்புலன்ஸ் தாமதம்: சராசரியை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்

அமெரிக்க நகரத் தீயணைப்புத் துறை ஒன்றில் ஆம்புலன்ஸ் பிரிவின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கிறீர்கள். அழைப்புக்குப் போய்ச் சேரும் சராசரி நேரம் நன்றாக இருந்தும் "வண்டி தாமதம்" என்ற புகார் ஓயவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சராசரியை ஒதுக்கி வையுங்கள். பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போய்ச் சேர்கிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1710 தரநிலையும் (2020 பதிப்பு) 90 சதவீதக் கணக்கைத்தான் கேட்கிறது: மருத்துவ அழைப்புக்கு 60 விநாடியில் கிளம்ப வேண்டும், ஏ.இ.டி. கருவியோடு (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி) முதல் குழு 4 நிமிடப் பயணத்தில் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம், மருத்துவமனை வாசலில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது? எங்கள் ஊரில் சிக்கலே அங்கேதான் இருந்தது. நோயாளியை ஒப்படைக்க ஸ்ட்ரெச்சரோடு காத்துக் கிடப்பார்கள். அடுத்த அழைப்புக்கு அனுப்ப வண்டி இருக்காது. ஷிப்ட் வாரியாகக் குறித்த நேரங்களை எடுத்துக்கொண்டு, அவசரப் பிரிவின் தலைமைச் செவிலியரிடம் போய் உட்கார்ந்து பேசினோம். மெதுவாகத்தான் மாறியது, ஆனால் மாறியது.

உங்கள் ஆட்களை மட்டும் திட்டிவிடாதீர்கள். இரவு முழுக்க ஓடுகிறவர்களை அதே வண்டியில் மாதக்கணக்கில் வைக்காமல், தீயணைப்பு வண்டிக்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.