படுத்தும் தலை வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். சிசேரியன் முடிந்து 5 நாள். உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் விடுகிறது. ஆபரேஷனுக்கு மரத்துப்போக முதுகில் போட்ட ஊசியால் கால் விழுந்துவிடும் என்று கூகலில் இருக்கிறது. முதுகும் வலிக்கிறது. பனடோல் (பாரசிட்டமால்), போன்ஸ்டான் என்ற வலி மாத்திரை, கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) எல்லாம் பார்த்தாகிவிட்டது.

பதில்: கால் விழாது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுவார்கள். நடக்கிறீர்கள், சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்றால் கூகலை மூடி வையுங்கள். முதுகுவலிக்கு, குனிந்து பால் கொடுக்காமல் தலையணை வைத்துப் பிள்ளையை உயர்த்துங்கள்.

ஊசி போன வழியில், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வில் சிறு ஓட்டை. அதில் மூளைநீர் கசிகிறது. நிமிர்ந்தால் மூளை கீழே இழுபடுகிறது, அதுதான் வலி. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். பிள்ளையைத் தூக்கவே முடியவில்லையா? பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள். உங்கள் கையிலிருந்தே சுமார் 20 மில்லி இரத்தம் எடுத்து, முதுகில் அந்தச் சவ்வுக்கு வெளியே செலுத்துவார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். பலருக்கு அன்றைக்கே எழுந்து உட்கார முடிகிறது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இன்று படுத்தால் விடுகிற வலி, நாளை படுத்தும் விடாவிட்டால் அது வேறு வியாதியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். இழுபட்ட இரத்தக்குழாய் கிழிந்து மண்டைக்குள் இரத்தம் கசியலாம், மூளை இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைக்கலாம், பிரஷர் ஏறியிருக்கலாம். பிரசவமாகி 6 வாரம் வரைக்கும் பிரஷர் ஏறலாம். வீட்டுக்கு வரும் மிசியிடம் (நர்ஸ்) இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். 140/90 தொட்டால் அன்றைக்கே டாக்டர். கண் மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் ஆம்புலன்ஸுக்கு 999.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிறார்களா? நிறுத்தச் சொல்லுங்கள். உடம்பு வறண்டால் இரத்தம் உறைந்து கட்டலாம். மாமியார் கோபித்தால் டாக்டர் சொன்னார் என்று என்மேல் பழி போடுங்கள்.

பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8 மாத்திரைக்கு மேல் வேண்டாம். சில சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும், சேர்த்து விழுங்காதீர்கள். பிரஷர் பார்க்கும்வரை போன்ஸ்டான் வேண்டாம். கோப்பி ஓ இரண்டு கோப்பையோடு சரி, மிஞ்சினால் பிள்ளை தூங்காது.

எமெர்ஜென்சி கவுண்டரில் வெறும் தலைவலி என்று சொல்லாதீர்கள். "பிரசவமாகி இத்தனை நாள், முதுகில் ஊசி போட்டது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.