மார்னக் ஊரில் 1846-இல் பிறந்தவரின் ஞானஸ்நானப் பதிவு

வணக்கம் நண்பரே. ஸ்காட்லாந்தின் பான்ஃப்ஷையரில் உள்ள மார்னக் பங்கில் (ஒரு திருச்சபைக்கு உட்பட்ட வட்டாரம்) 1846-இல் பிறந்த உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் பங்குப் பதிவேட்டில் இல்லை என்கிறீர்கள். மனம் தளர வேண்டாம், அந்த ஊரில் அது இயல்புதான்.

1841 ஜனவரியில், தங்களுக்கு வேண்டாத போதகரைத் திணித்ததால் மார்னக் சபையார் கோயிலை விட்டு எழுந்து பனியில் வெளியேறினார்கள். வயதானவர்களும் தங்கள் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காட்சியை நினைத்தாலே மனம் கனக்கிறது. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து சுதந்திரச் சபை பிரிந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் பலர் அந்தச் சபையின் ஏட்டில்தான் இருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

அப்புறம், 1851 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். நான்கைந்து வயதுப் பையன் பெற்றோருடன் இருப்பான், பிறந்த பங்கும் எழுதியிருக்கும். அவருடைய பெற்றோரை 1841 கணக்கில் தேடினால், அதில் பெரியவர்களின் வயதை அப்படியே நம்பாதீர்கள். பதினைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்தே பெரும்பாலும் எழுதினார்கள். 38 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார்.

அவர் ஸ்காட்லாந்திலேயே இறந்திருந்தால் இறப்புப் பதிவை அவசியம் எடுங்கள். 1855-இல் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்து அதில் தாய், தகப்பன் பெயர் உண்டு, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடு. அது கிடைத்தால் தாய்வழியும் திறந்துவிடும். அவர் வெளிநாடு போய்விட்டார் என்றால், ஸ்காட்லாந்திலேயே இருந்த தம்பி தங்கையின் பதிவைப் பிடியுங்கள்.